தமிழ்99 தட்டும் கைக்கு ஒரு பிரிவு விசைப்பலகை: தேடியதும் கட்டியதும்

இந்தப் பதிவை நானே சால்டர் செய்து கட்டிய லில்லி58 விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருக்கிறேன். தனித்தனியாக இரண்டு பாதிகள், பாதிக்கு 29 விசைகள், நடுவே ஒரு கேபிள். நாள் முழுக்கத் தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றித் தட்டினாலும் வலது மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் இப்போது இறுகிப்போவதில்லை. பிரிவு விசைப்பலகை பற்றிக் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டும் தட்டுபவர்கள் சொன்னவை. தோள், முழங்கை, மணிக்கட்டு பற்றி அவர்கள் சொல்வது எல்லோருக்கும் சரி. எத்தனை விசை போதும், எந்த விசை எங்கே இருக்கலாம் என்பது மட்டும் தமிழ்99 (எழுத்துக்கு ஒரு விசை என்ற தமிழ்த் தட்டச்சு அமைப்பு) பழகிய கைக்கு அப்படியே ஒத்துவராது. எனக்கு அதிக நேரம் போனதும் அங்கேதான். அதனால் அந்தப் பகுதியை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பழைய பலகைகள்

எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு சாதாரண யுஎஸ்பி விசைப்பலகைகளை ஒரே கணினியில் செருகினேன். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. நம்பர்பேடு இல்லாத சின்னப் பலகைகளாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கைகள் ரொம்ப விலகிவிடும். நடுவில் இரண்டு பலகைகளின் பயன்படாத பாதிகளும் இடத்தை அடைக்கும். அதற்கு ஒரு வழி: ஒன்றின் பயன்படாத பாதியில் கீகேப்களை (விசைகளின் மூடிகளை) கழற்றிவிட்டு, அதன்மேல் தடித்த அட்டை ஒன்றைப் போட்டு, மற்றதன் பயன்படாத பாதியை அதன்மேல் ஏற்றி வைக்கலாம். இடைவெளி குறைவதோடு அந்தப் பலகை உள்பக்கம் உயர்ந்து நிற்பதால் சாய்வு எப்படி இருக்கும் என்றும் ஓரளவு தெரிந்துவிடும்.

விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரு பலகையில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு மற்றதில் எழுத்தைத் தட்டினால் வேலை செய்கிறது. மேக்கில் அது தானாகச் சேராது, தனி மென்பொருள் வேண்டும்.

இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. ஆனால் இதில் கிடைத்த அளவுகள்தான் கடைசிவரை உதவின. முழங்கைகளை விலாவோடு ஒட்டித் தொங்கவிட்டு, முன்கைகளை நேராக முன்னே நீட்டி, ஆள்காட்டி விரல்கள் எங்கே இறங்குகின்றனவோ அங்கே பலகைகளை நகர்த்தினேன். பிறகு புடைப்பு உள்ள இரண்டு விசைகளுக்கும் நடுவே டேப்பால் அளந்தேன். 38 செமீ வந்தது. ஒரே சட்டத்தில் நடுவே வளைந்து பிரியும் வகை 1994-இல் மைக்ரோசாஃப்ட் நேச்சுரல் வந்த காலத்திலிருந்தே தெரிந்த ஒன்று. ஆனால் அவற்றில் இடைவெளியை மாற்ற முடியாது, அதுவும் சில சென்டிமீட்டர்தான். என் தோள் கேட்ட அளவைப் பார்த்ததும் இரண்டு தனிப் பாதிகள் என்பது முடிவாகிவிட்டது.

கூடவே இன்னொன்றும் தெரிந்தது. ங இருக்கும் விசையை நான் பல சமயம் வலது ஆள்காட்டி விரலால் தட்டுகிறேன். பிரிவுப் பலகையில் அது இடது பாதியில் இருக்கும், வலது விரல் வெறும் மேசையைத்தான் தொடும். இந்தப் பழக்கத்தைப் பழைய பலகைகளிலேயே மாற்றிக்கொண்டது நல்லதாகப் போயிற்று. பின்பக்கக் கால்களையும் அப்போதே மடக்கிவிட்டேன். அவை பலகையின் பின்புறத்தைத் தூக்குவதால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்குகிறது.

42 விசைகளும் சுண்டுவிரலும்

அடுத்து, 42 விசைகள் உள்ள ஒரு சின்னப் பிரிவுப் பலகையை நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கினேன். பாதிக்கு மூன்று வரிசை, ஆறு நெடுவரிசை, கட்டைவிரலுக்கு மூன்று விசை. நெடுவரிசைகள் விரல்களின் நீளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கியிருக்கும். எண் வரிசை கிடையாது, எண்களெல்லாம் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு போகும் இரண்டாம் அடுக்கில்.

ஆங்கிலத்துக்கு இது அருமை. விரல் ஒரு விசை தூரத்துக்கு மேல் நகரவே வேண்டாம். தமிழுக்கு மாறியதும் சிக்கல் தொடங்கியது.

தமிழ்99-இல் உயிர்கள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். வ, ங இரண்டு மட்டும் இடப்பக்கம். உயிரும் மெய்யும் மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. அந்த வகையில் பிரிந்த பலகைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறு இல்லை. ஆனால் வலது சுண்டுவிரலின் பொறுப்பில் எத்தனை எழுத்து என்று பாருங்கள். நடு வரிசையில் ந, அதற்கு வெளியே ய. மேல் வரிசையில் ண, அதற்கு வெளியே ச, இன்னும் வெளியே ஞ. கீழே ழ. ஆங்கிலத்தில் இதே விசைகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவையெல்லாம் நிறுத்தக்குறிகளும் அடைப்புக்குறிகளும்தான். அதனால்தான் சின்னப் பலகையை வடிவமைப்பவர்கள் அவற்றை யோசிக்காமல் இரண்டாம் அடுக்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். நமக்கு அங்கே போவது ச-வும் ஞ-வும்.

42 விசைப் பலகையில் சுண்டுவிரலுக்கு வெளியே ஒரே ஒரு நெடுவரிசைதான். அதன் மேல் மூலையில் வழக்கமாக பேக்ஸ்பேஸ் இருக்கும். அதைக் கட்டைவிரலுக்கு மாற்றி அந்த இடத்தில் ச-வை வைத்தேன். ய அதன் இடத்திலேயே இருந்தது. ஞ மட்டும் இரண்டாம் அடுக்கில். ஞ அடிக்கடி வராதே, சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் 'கொஞ்சம்' ஒரு பத்தியில் எத்தனை தடவை வருகிறது! ஒவ்வொரு முறையும் அடுக்கைப் பிடித்து, ஞ தட்டி, அடுக்கை விட்டு, ச தட்ட வேண்டும். விடுவது ஒரு நொடிப்பொழுது தாமதித்தால் ச-வுக்குப் பதில் வேறு ஏதோ குறி விழுகிறது.

வெளி நெடுவரிசையே இல்லாத 36 விசைப் பலகைகளும் உண்டு. அவற்றில் ய-வும் ச-வும்கூட அடுக்குக்குப் போய்விடும். தமிழ்99-இல் தினமும் எழுதுபவருக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதே பலகையில் நடு வரிசை மாற்று விசைகளையும் முயன்றேன். நடு வரிசை எழுத்தை லேசாகத் தட்டினால் எழுத்து, பிடித்தால் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் என்று மாறும் ஏற்பாடு அது. சின்னப் பலகைக்காரர்கள் நிறையப் பேர் விரும்புவது. க்யூஎம்கே என்ற ஃபர்ம்வேரில் (விசைப்பலகைக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) தட்டலா பிடியா என்று முடிவு செய்யும் நேரம் இயல்பாக 200 மில்லிநொடி.

தமிழில் இது சரிவரவில்லை, காரணமும் தெளிவு. இடது நடு வரிசையில் இருப்பவை அ, இ, உ, புள்ளி, எ. கிட்டத்தட்ட எல்லா மெய்க்கும் பின்னால் வருபவை. வேகமாகத் தட்டும்போது உகரத்திலிருந்து விரலை எடுப்பதற்கு முன்பே வலது கை அடுத்த மெய்யை அமுக்கிவிடுகிறது. ஃபர்ம்வேர் அதைப் பிடித்ததாக எடுத்துக்கொள்ளும். உ-வில் கன்ட்ரோல் இருந்ததால் 'புகழ்' என்று எழுதப் போனால் உலாவியில் வரலாற்றுப் பட்டியல் திறந்தது, 'முதல்' என்றால் கர்சர் முகவரிப் பட்டைக்கு ஓடியது. நேரத்தை நீட்டினால் இந்தப் பிழை குறையும், ஆனால் உண்மையாகவே கன்ட்ரோல் வேண்டும்போது காத்திருக்க வேண்டும். நடு வரிசையை எழுத்துகளுக்கே விட்டுவிட்டு மாற்று விசைகளையெல்லாம் கட்டைவிரலுக்குக் கொண்டுபோனேன். அப்புறம் இந்தத் தொல்லை இல்லை.

ஏன் லில்லி58

இதற்குள் எனக்கு வேண்டியது என்னவென்று தெரிந்துவிட்டது: நெடுவரிசை அமைப்பு, எண் வரிசை, வெளியே ஒரு நெடுவரிசை, கட்டைவிரலுக்கு நாலு விசை, ஞ-வுக்கு ஒரு நிஜமான இடம். எர்கோடாக்ஸ் போன்ற 76 விசைப் பலகையில் எல்லாம் அடங்கும். ஆனால் பாதிகள் பெரியவை, கட்டைவிரல் விசைகளில் பல எனக்கு எட்டவில்லை. காகிதத்தில் உண்மை அளவில் அச்செடுத்து, கையை மேலே வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். இந்த வகைப் பலகைகளில் பலவற்றின் வரைபடங்கள் திறந்த மூலமாகக் கிடைப்பதால் அச்செடுப்பது எளிது. அச்சில் விசைகளின் இடைவெளியை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். சாதாரண உயர ஸ்விட்ச்களுக்கு (கீகேப்புக்கு அடியில் இருப்பவை) 19.05 மிமீ இருக்க வேண்டும். இல்லையென்றால் அச்சு சுருங்கியிருக்கிறது.

லில்லி58-இல் பாதிக்கு நாலு வரிசை, ஆறு நெடுவரிசை, கட்டைவிரலுக்கு நாலு, அத்துடன் ஆள்காட்டி விரலின் உள்பக்கம் கீழே ஒரு தனி விசை. என்னை இழுத்தது அந்தத் தனி விசைதான். வலது பாதியில் அதை ஞ ஆக்கினேன். ச மேல் எழுத்து வரிசையின் வெளி ஓரத்தில். சாதாரண விசைப்பலகையில் 'ஞ்ச' என்பது ஒரே சுண்டுவிரல் அடுத்தடுத்து இரண்டு தூர விசைகளுக்குத் தாவுவது. இப்போது ஞ ஆள்காட்டி விரலுக்கு, ச சுண்டுவிரலுக்கு. நடுப் புள்ளியைத் தமிழ்99 தானே போட்டுக்கொள்ளும். மஞ்சள், நெஞ்சு, பஞ்சு, கொஞ்சம் எல்லாம் தடங்கலின்றி வருகின்றன. இந்தப் பலகையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுவே.

சால்டரிங்

தேவைப்பட்ட பொருள்கள்: பிசிபி (பாகங்களை ஒட்டும் மின்சுற்றுப் பலகை) இரண்டு, 58 டயோடுகள் (1என்4148), 58 ஹாட்ஸ்வாப் சாக்கெட்டுகள் (ஸ்விட்சைச் சால்டர் செய்யாமல் செருகிக் கழற்ற உதவுபவை), கன்ட்ரோலர் போர்டு (பலகையின் மூளை) இரண்டு, கேபிள் ஜாக் இரண்டு, ரீசெட் பட்டன் இரண்டு, எம்2 திருகுகளும் தாங்கிகளும், மேல்கீழ்த் தகடுகள். கருவிகள்: வெப்பத்தை மாற்றக்கூடிய சால்டரிங் அயர்ன், 0.8 மிமீ 63/37 ஈயம் (வெள்ளீயமும் ஈயமும் கலந்த சால்டர் கம்பி), ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவுவது), ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல், நுனி மெல்லிய இடுக்கி, மல்டிமீட்டர். இந்த ஈயம் 183 டிகிரியில் உருகும். அயர்னை 340 டிகிரி வாக்கில் வைத்தேன்.

லில்லியின் பிசிபி இரண்டு பக்கமும் பயன்படக்கூடியது, ஒரே பலகையைத் திருப்பினால் மறு கைக்கு ஆகிவிடும். வசதிதான், ஆனால் எந்தப் பக்கத்தில் எதை ஒட்டுவது என்று எளிதில் குழம்பும். தொடங்கும் முன்பே இரண்டையும் கைகளைப் போல மேசையில் வைத்து, மாஸ்கிங் டேப்பில் 'இடது மேல்', 'வலது மேல்' என்று எழுதி ஒட்டிவிட வேண்டும். டயோடும் சாக்கெட்டும் டேப் இல்லாத பக்கத்தில் வரும்.

முதலில் டயோடுகள். ஒரு பக்கத் திண்டில் (பிசிபியில் ஒட்டுவதற்கான உலோகப் பகுதி) மட்டும் கொஞ்சம் ஈயம் வைத்து, இடுக்கியால் டயோடைப் பிடித்து அந்த ஈயத்தை மறுபடி உருக்கி நிறுத்தி, பிறகு மறுபக்கத்தை ஒட்டுவது. டயோடின் கோடு பிசிபியில் உள்ள குறியின் கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துச் சோதித்தேன். கோடு உள்ள பக்கம் கறுப்பு முனை, மறுபக்கம் சிவப்பு முனை: 0.6 வோல்ட் சுற்றி வந்தால் சரி. முனைகளை மாற்றினால் எதுவும் வரக்கூடாது. சாக்கெட்டுகளை ஒட்டிய பிறகு தவறைக் கண்டுபிடிப்பதைவிட இது பலமடங்கு எளிது.

சாக்கெட்டுகளுக்குக் கொஞ்சம் அதிக ஈயம் வேண்டும். திண்டும் சாக்கெட்டின் உலோகக் காலும் இரண்டும் சூடாகி ஈயம் உள்ளே ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு ஸ்விட்சைச் செருகும்போது பின்னாலிருந்து சாக்கெட்டை ஒரு விரலால் தாங்கிக்கொண்டுதான் அழுத்த வேண்டும். தாங்காமல் அழுத்தினால் திண்டே பிய்ந்து வந்துவிடும், அதைச் சரிசெய்வது பெரிய வேலை.

கன்ட்ரோலரை ஒட்டும் முன் தனியாகக் கணினியில் செருகி, ஃபர்ம்வேரை ஏற்றி, அடையாளம் காண்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஆர்பி2040 சிப் உள்ள போர்டு எடுத்தேன். பூட் பட்டனைப் பிடித்துக்கொண்டு செருகினால் ஒரு டிரைவாகத் தெரியும், கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. பழைய வகை போர்டுகளில் 32 கிலோபைட் நினைவகம், அதிலும் ஒரு பகுதியை பூட்லோடர் எடுத்துக்கொள்ளும், அடுக்குகளும் பலகையில் பொருத்தும் சின்னத் திரையும் சேர்ந்தால் இடம் பற்றாது. போர்டை நேரடியாக ஒட்டாமல் கழற்றக்கூடிய பின் சாக்கெட்டில் வைத்தது நல்ல முடிவு. யுஎஸ்பி துளை உடைந்தால் போர்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் முறை செருகியபோது வலது பாதியில் ஒரு நெடுவரிசை முழுதும் பேசவில்லை, தவிர இடது பாதியில் ஒரே ஒரு விசை. முழு நெடுவரிசை போனால் கன்ட்ரோலரின் அந்தப் பின்னைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே ஈயம் பின்னைச் சுற்றி உருண்டு நின்றதே தவிர ஒட்டவில்லை. ஃப்ளக்ஸ் தடவி மறுபடி சூடாக்கியதும் சரியானது. ஒற்றை விசை என்றால் டயோடு, சாக்கெட், மடங்கிய ஸ்விட்ச் கால் இந்த மூன்றில் ஒன்று. எனக்கு ஸ்விட்சின் செம்புக் கால் துளைக்குள் போகாமல் மடங்கியிருந்தது, இடுக்கியால் நிமிர்த்தினேன்.

நடுக் கேபிளின் முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்க வேண்டும். இரண்டு வளையம் உள்ள சாதாரண ஹெட்ஃபோன் கேபிள் ஆகாது. மின்சாரம் இருக்கும்போது இந்தக் கேபிளைச் செருகவோ உருவவோ கூடாது. முனை நகரும்போது மின் இணைப்பும் தரை இணைப்பும் ஒரு கணம் தொட்டுக்கொண்டு கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம். முதலில் யுஎஸ்பியைக் கழற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச், சாய்வு, விசை அமைப்பு

ஸ்விட்ச் விஷயத்தில் மெல்லியதே கைக்கு நல்லது என்று நினைத்து 35 கிராம் அழுத்தத்தில் தொடங்கினேன். ஓய்வாக விரலை வைத்திருக்கும்போதே எழுத்துகள் விழுந்தன. அதைத் தவிர்க்க விரல்களைத் தூக்கிப் பிடித்ததில் முன்கையின் மேல்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. 45 கிராம் லீனியருக்கு (நடுவில் தடங்கல் இல்லாமல் சீராக இறங்கும் ஸ்விட்ச்) மாறியதும் விரல்கள் நிம்மதியாக விசைமேல் உட்கார்ந்தன. வலது சுண்டுவிரலின் இரண்டு நெடுவரிசைகளில் மட்டும் அந்த 35 கிராம் ஸ்விட்ச்களையே விட்டுவைத்தேன். ந, ய, ண, ச, ழ எல்லாவற்றையும் ஒரே பலவீனமான விரல் சுமக்கிறது, அதற்கு இந்தச் சலுகை தேவை. ஹாட்ஸ்வாப் சாக்கெட் இருந்ததால்தான் இப்படிக் கலந்து வைக்க முடிந்தது.

கீகேப்கள் எல்லா வரிசையும் ஒரே உயரமாக உள்ள வகை. விசைகளை இடம் மாற்றினாலும் உறுத்தாது. வரிசைக்கு வரிசை உயரம் மாறும் வகைதான் கையில் இருக்கிறது என்றால், கட்டைவிரல் விசைகளில் மட்டும் கீகேப்பைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், கூர்மையான விளிம்பு கட்டைவிரலைக் குத்தாது.

சாய்வுக்கு மரத்தில் ஆப்புகள் அறுத்துக்கொண்டேன். பாதியின் அகலம் சுமார் 130 மிமீ என்று வைத்தால், உள்பக்கத்தை 23 மிமீ தூக்கினால் 10 டிகிரி, 34 மிமீ தூக்கினால் 15, 65 மிமீ என்றால் 30. முப்பதில் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் நிலைக்கு நெருங்குகின்றன, மணிக்கட்டுக்கு இதமாகவே இருந்தது. ஆனால் விசைகள் உயர்ந்துபோய் தோள்களும் கூடவே ஏறின. கடைசியில் 27 மிமீயில் நின்றேன், ஏறத்தாழ 12 டிகிரி. நாற்காலியையும் அதற்கேற்ப உயர்த்தி, பாதம் தொங்காமல் இருக்கக் கீழே ஒரு மரப்பலகை போட்டேன். விசைப்பலகையைச் சாய்த்துவிட்டு மணிக்கட்டுத் தாங்கியைத் தட்டையாக விட்டால் பயனில்லை, தாங்கிக்கும் அதே கோணத்தில் ஆப்பு வேண்டும். ஆப்பின் அடியில் ரப்பர் ஒட்டாவிட்டால் பாதிகள் மெல்ல விலகிக்கொண்டே போகும்.

விசை அமைப்பில் ஒரு விஷயம் முக்கியம். விசைப்பலகை அனுப்புவது விசையின் எண்ணை மட்டும்தான், அதைத் தமிழாக்குவது கணினி. அதனால் ஃபர்ம்வேரில் ஆங்கிலத்துக்காக கோல்மாக் போன்ற வேறு அமைப்பை வைத்தால் தமிழ்99-இன் எழுத்துகளும் சேர்ந்து கலைந்துவிடும். ஃபர்ம்வேரில் வழக்கமான க்வெர்ட்டியை வைத்துக்கொண்டு, கோல்மாக்கைக் கணினியின் மொழி அமைப்பில் சேர்ப்பதே வழி.

வலது கட்டைவிரலில் ஷிஃப்ட் வைத்தேன். தமிழ்99-இல் ஷிஃப்ட் தேவைப்படுவது பெரும்பாலும் ஸ, ஷ, ஜ, ஹ போன்றவற்றுக்குத்தான், அவை இடது மேல் வரிசையில் இருக்கின்றன. ஒரு கை பிடிக்க, மறு கை தட்டுகிறது. இடது கட்டைவிரலின் உள் விசையில் மொழி மாற்றும் சேர்க்கையை ஒரே தட்டாக வைத்திருக்கிறேன். விண்டோஸில் அது விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு மொழி கலந்து எழுதுபவருக்கு இந்த ஒரு விசை பெரிய விடுதலை.

பழைய வேகம் திரும்பச் சில வாரங்கள் பிடித்தன. தமிழ் முதலில் திரும்பியது, ஆங்கிலம் பின்னால். கைகள் மாறி மாறி வேலை செய்வதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஏற்கனவே விரல்களில் மரத்துப்போதல், இரவில் வலி என்று இருப்பவர்கள் பலகையை மாற்றிவிட்டுக் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்ததைக் கட்டும்போது சுண்டுவிரல் நெடுவரிசைகள் இன்னும் கீழே இறங்கிய வடிவத்தை எடுப்பேன். லில்லியில் அந்த இறக்கம் எனக்குப் போதவில்லை, ச தட்டும்போது உள்ளங்கை இன்னும் லேசாக நகர்கிறது. சின்னத் திரைகளை வாங்க மாட்டேன். தட்டும்போது கண் அங்கே போவதே இல்லை, அந்தச் செலவில் நல்ல அயர்ன் நுனிகள் கிடைக்கும். மர ஆப்புக்குப் பதில் கேமரா முக்காலியின் கால் இன்ச் திருகு பொருந்தும் தகடு ஒன்றை அடியில் பொருத்தப் போகிறேன், கோணத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் மரம் அறுக்க வேண்டியதில்லை. இடது பாதியின் உள் விசை இன்னும் காலியாகவே இருக்கிறது. ஔ-வை அங்கே கொண்டுவரலாமா, இல்லை எஸ்கேப்புக்கே கொடுத்துவிடலாமா என்று இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.